மலைக்குப் பின்னால் ஒரு துருவ நட்சத்திரம்

ஜனவரி கடைசியில் லீவு விட்டதும் நாங்கள் நாலு பேரும் பூண்டுலோயாவுக்கு ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். தலவாக்கலையில் பஸ் மாறும்போது கண்டக்டர் அந்தப் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டார். அவ்வளவு கனம். உள்ளே இருந்தது கம்ப்யூட்டர் மவுண்ட். கடன் வாங்கியது, செகண்ட் ஹேண்ட். எங்களில் மூணு பேர் வரலாறு படிக்கிறோம், ஒருத்தி புவியியல். வானியல் ஒருத்தருக்கும் பாடமில்லை. இந்தக் கட்டுரை அதனால்தான் வானத்தில் ஆரம்பித்து வரலாற்றுக்குள் போய் விழுகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

மவுண்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டெலஸ்கோப் குழாயைத் தாங்கி, அதைத் திருப்புகிற பகுதி. பூமி சுற்றுவதால் வானத்தில் எல்லாமே கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த நகர்வும் நூறு மடங்காகும்; வியாழனைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவரை "வந்து பாருங்க" என்று கூப்பிடுவதற்குள் அது ஓடிவிடும். இதுக்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. மவுண்டின் ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகச் சாய்த்து வைத்துவிட வேண்டும். பிறகு அந்த ஒரே அச்சை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மோட்டாரால் திருப்பினால் போதும், நட்சத்திரம் அசையாமல் நிற்கும். அப்படிச் சாய்த்து வைப்பதுதான் போலார் அலைன்மென்ட். அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். வடக்கு அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம், துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்தால் ஆச்சு. கையேட்டின் முதல் வரியும் அதைத்தான் சொன்னது.

நாங்கள் வடக்கே பார்த்தோம். தேயிலை மேடு. அதன்மேல் யூக்கலிப்டஸ் மரங்கள். அதுக்கு மேலேதான் வானம்.

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியுமோ, அதுதான் ஏறக்குறைய நீங்கள் நிற்கும் இடத்தின் அகலாங்கு. பூண்டுலோயாவுக்கு 7 பாகை. கையை நேரே நீட்டி முட்டி பிடித்தால் அது சுமார் 10 பாகையை மறைக்கும். ஒரு முட்டிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிற நட்சத்திரம் அது. 100 மீட்டர் தள்ளி 12 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு இருந்தாலே மறைந்துபோகும். மலைநாட்டில் 12 மீட்டரை நாங்கள் மேடு என்றே சொல்வதில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் வேடிக்கை. மவுண்டில் அகலாங்கைத் திருகி வைக்க ஒரு அளவுகோல் இருக்கும். எங்களுடையது 65இல் ஆரம்பித்து 10இல் முடிந்தது. திருகு அதுக்குக் கீழே இறங்கவே இல்லை. உடைத்துவிட்டோமோ என்று பயந்துபோனோம். உடையவில்லை, செய்தவர்கள் 7 பாகையை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். கடைசியில் முக்காலியின் வடக்குக் காலை மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குட்டையாக்கி, மொத்தத்தையும் வடக்கே சாய்த்து மிச்ச 3 பாகையை எடுத்தோம். சரிவில் வீடு கட்டிப் பழகிய ஆட்களுக்கு இது ஒரு வேலையா!

ஆனால் அந்த 10 எங்கள் மண்டைக்குள்ளேயே நின்றது. இந்தக் கருவி யாருடைய வானத்துக்காகச் செய்யப்பட்டது?

இந்த வகை மவுண்டுக்கு ஜெர்மன் மவுண்ட் என்றே பெயர். ஜோசப் ஃபிரௌன்ஹோஃபர் 1824இல் டோர்பாட் வான்நோக்ககத்துக்குச் செய்துகொடுத்த பெரிய தொலைநோக்கி இப்படித்தான் நின்றது. மோட்டாருக்குப் பதில், பாரம் இறங்க இறங்கச் சுழலும் கடிகாரப் பொறி. டோர்பாட் இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரம், 58 பாகை வடக்கு. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கும் மேலே நிற்கும், மரமும் மறைக்காது மலையும் மறைக்காது. பூண்டுலோயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தின் பெயர் டன்சினன். நீர்வீழ்ச்சியால் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் ஸ்கொட்லாந்தில் பேர்த் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்றின் பெயர், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வருகிற அதே குன்று. துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து எங்கள் மலைகளுக்கு ஒட்டினார்கள். அந்த டன்சினனில் துருவ நட்சத்திரம் 56 பாகை உயரத்தில் இருக்கிறது. இந்த டன்சினனில் 7. பெயரைக் கப்பலில் ஏற்றலாம், வடக்கை ஏற்ற முடியாது.

சரி, இங்கிருந்தவர்கள் வடக்கை எப்படிப் பார்த்தார்கள்?

இதைத் தேடப்போய் முதலில் சிக்கியவர் ரோமாபுரிக்காரரான பிளினி. கிளாடியஸ் மன்னர் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், தப்ரபேனிலிருந்து, நம் தீவிலிருந்துதான், ரோமுக்குத் தூதர்கள் போனதாக அவர் எழுதுகிறார். போனவர்கள் ரோமின் வானத்தில் வடக்கு விண்மீன்களைப் பார்த்து அதிசயப்பட்டார்களாம். தப்ரபேன் மாலுமிகள் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டுவதில்லை, அங்கே வடக்கு விண்மீன்கள் தெரிவதே இல்லை, பறவைகளைப் பறக்கவிட்டு அவை போகிற பக்கம் கரை என்று பிடிப்பார்கள் என்றும் சொல்கிறார். அப்படியே நம்ப முடியாது. சப்தரிஷி மண்டலம் பங்குனி, சித்திரை மாத முன்னிரவுகளில் இங்கே தாராளமாகத் தெரியும். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் துருவம் நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்று நாம் துருவ நட்சத்திரம் என்கிறது பிளினி காலத்தில் துருவத்திலிருந்து ஏறக்குறைய 12 பாகை தள்ளி இருந்தது. 7 பாகை அகலாங்கில் நின்று பார்த்தால், அது ஒரு சுற்றில் கொஞ்ச நேரம் அடிவானத்துக்குக் கீழேயே போய்விடும். கதைகளில் 'அசையாதவன்' என்று பெயர் வாங்கிய துருவன் அந்தக் காலத்தில் எங்கள் வானத்தில் உதித்தும் மறைந்தும்தான் இருந்திருக்கிறான். இன்றைக்கும் அது சரியாகத் துருவத்தில் இல்லை. முக்கால் பாகைக்குள் தள்ளி நிற்கிறது.

நட்சத்திரம் துருவத்தை நெருங்கி வந்த பிறகு கடலோடிகள் அதை நல்லாவே பயன்படுத்தினார்கள். ஒரு சிறு செவ்வகப் பலகை, நடுவில் துளை, துளையில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு இறுகும்வரை பலகையைக் கண்ணுக்கு முன்னால் நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்கோட்டுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இப்படிப் பலகையும் முடிச்சும் வைத்திருந்ததை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எழுத்தே இல்லாத ஒரு அகலாங்கு அட்டவணை, வாயில் கடிக்கிற கயிற்றில். எங்கள் ஹேண்ட் கன்ட்ரோலரைவிட அது மேல். பற்றரி வேண்டாம், 10 பாகையோடு நின்றுபோகவும் மாட்டாது.

துருவம் ஒரு பக்கம் இருக்கட்டும். மவுண்டை ஆன் செய்தால் ஹேண்ட் கன்ட்ரோலர் கேட்கிற முதல் கேள்வி: நீ எங்கே இருக்கிறாய்? அகலாங்கு, நெட்டாங்கு. போனைப் பார்த்துப் போட்டோம், ஏறக்குறைய 7 பாகை வடக்கு, 80 பாகை 40 நிமிடம் கிழக்கு. அரை நிமிட வேலை. போட்ட பிறகுதான் ஒருத்தி சொன்னாள், "நம்ம வீட்டுக்கு இதுதான் முதல் விலாசம், இல்லையா?"

மலையகத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாமல் போகலாம். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகக் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் ஆளைத் தேடியிருக்கின்றன. எங்கள் நாலு பேரின் வீடுகளிலும் கடிதம் பிந்திய கதை ஒன்றாவது இருக்கிறது.

இதிலே ஒரு பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டின் வரைபடம் முழுவதும் அளக்கப்படுகிற தொடக்கப்புள்ளி எங்கள் மலைதான். பிதுருதலாகலை, நுவரெலியாவுக்கு மேலே 2524 மீட்டரில் நிற்கிற அந்த உச்சி, எங்களுக்குத் தென்கிழக்கே. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. பிறகு வந்த முக்கோண அளவையில் தீவின் நடுவிலிருந்த இந்த உச்சியையே நாட்டின் வரைபடக் கட்டத்துக்கு மூலமாக வைத்தார்கள். அதன் அகலாங்கு 7 பாகை 0 நிமிடம் 1.7 வினாடி. ஏழாம் கோட்டிலிருந்து வெறும் 50 மீட்டர் சொச்சம். 1999இல் புதுப்பித்த கட்டத்தில் அந்தப் புள்ளிக்கு 500,000, 500,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் ஒரு காணி அளந்தாலும் யாழ்ப்பாணத்தில் அளந்தாலும், இந்தக் கட்டத்தில் பதிந்தால் அந்தக் கணக்கு இங்கே இருந்துதான் போகிறது. 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியும் உறுதியும் தனி வீடும் என்று பேச்சு வந்தது. கொஞ்சப் பேருக்குக் கிடைத்தது. மிச்சப் பேர் இன்னும் லயத்திலேயே. நாடு முழுக்க அளக்கிற மூலக்கல்லின் அடிவாரத்தில் அளந்துகொடுக்கப்படாத சனம் இருக்கிறது என்பதை நாங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை, ஒரு டெலஸ்கோப்புக்கு இடம் சொல்லப்போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது கேள்வி: மணி என்ன?

இதில்தான் முதல் இரவு முழுக்கப் போனது. இடம் சரி, நேரம் சரி, ஆனால் சீரியஸ் நட்சத்திரத்துக்குப் போ என்றால் மவுண்ட் அதுக்குக் கிழக்கே எங்கேயோ போய் நின்றது. கையை நீட்டி அளந்து பார்த்தோம். முக்கால் முட்டி, 7 அல்லது 8 பாகை. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுற்றுகிறது, அப்போ இது அரை மணித்தியாலப் பிழை. நேர வலயத்தில் முந்தின சொந்தக்காரர் போட்டு வைத்திருந்த 6:00 அப்படியே கிடந்தது.

அந்த 6:00 ஒரு காலத்தில் எங்கள் நேரம்தான். இலங்கை 1906 வரை கொழும்புப் பக்கத்துச் சூரிய நேரத்தை, கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் சொச்சம் முந்தியதை, வைத்திருந்தது. 1906இல் அது 5:30 ஆனது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் முதலில் 6:00, பிறகு 6:30. போர் முடிந்து 1945இல் பழையபடி 5:30. மின்சாரத் தட்டுப்பாடு வந்த 1996 மே மாதத்தில் திரும்பவும் 6:30, அதே வருடம் ஒக்டோபரில் 6:00. அது பத்து வருடம் நீடித்து, 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டோடு மறுபடி 5:30க்கு வந்தது. இதில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996க்குப் பிறகும் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில் இரண்டு மணி.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். "புது நேரத்துல இருட்டோட பிரட்டுக்குப் போனோம்" என்றார் அம்மாயி. (பிரட்டு தெரியாதவர்களுக்கு: காலையில் தொழிலாளர்கள் கூடி, பெயர் பதிந்து, வேலை பிரிக்கிற இடம்.) கொழும்பில் மணிக்கூட்டை முன்னால் தள்ளினால், கொழுந்து எடுக்கிற பெண்தான் அரை மணி, ஒரு மணி முந்தி இருட்டில் மலை ஏற வேண்டியிருந்தது. சூரியன் அதே நேரத்துக்குத்தான் வந்தது. டெலஸ்கோப்பும் அந்தச் சூரியனைத்தான் நம்பும், அரசாங்கம் சொல்கிற மணியை அல்ல. வலயத்தை 5:30 என்று மாற்றியதும் மவுண்ட் சீரியஸ் பக்கத்துக்கு வந்து நின்றது.

இத்தனை கஷ்டத்தையும் சொல்லிவிட்டு, 7 பாகையின் நல்லதையும் சொல்லாமல் விடக்கூடாது. பெர்சி மோல்ஸ்வர்த் என்று ஒருவர் இருந்தார். 1867இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர், இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் வேலை. 12.5 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வியாழனின் மேகப்பட்டைகளை இரவு இரவாக நேரம் குறித்துப் பதிந்தார். 1901இல் வியாழனின் தென்பகுதியில் தோன்றிய பெரிய குழப்பத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். அந்த வருடம் வியாழன் வானத்தின் தென்கோடியில் இருந்தது. கிரீன்விச்சில் நின்று பார்த்தால் அடிவானத்திலிருந்து 15, 16 பாகைதான், புகைக்குள் நடுங்கிக்கொண்டு. திருகோணமலையில் அது 58 பாகைக்குக் கிட்ட உயர்ந்தது. வடக்கு தாழ்ந்தால் தெற்கு உயரும், அதுதான் கணக்கு.

மோல்ஸ்வர்த் வெறும் தனி மனிதராக எங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பா கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த், கொழும்பு-கண்டி ரயில் பாதை போட்ட தலைமைப் பொறியியலாளர். அந்தப் பாதை கண்டியைத் தொட்டதும் 1867தான். மலையிலிருந்து கோப்பியை இறக்கப் போட்ட பாதை, பிறகு தேயிலைக்காக மேலே மேலே ஏறி 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. பாதையும் தோட்டமும் எங்கள் பாட்டன் பூட்டன் உடம்பில் போட்டது. அப்பா பாதை போட்டார், மகன் வியாழன் பார்த்தார். மகனுடைய உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு இரவு தூங்காமல் இருந்து பார்த்ததில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் அடுத்த நாள் காலை பிரட்டுக்குப் போக வேண்டியவர் யாரும் இரவு முழுக்க வியாழனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் தெரியும்.

அதே 1867இல் சென்னை வான்நோக்ககத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறுகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெட்டிகுலம் என்கிற தென்வான மண்டலத்தில். லண்டனில் அந்த மண்டலம் உதிக்கவே உதிக்காது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கி இந்திய மொழிகளில் மக்களுக்கு எழுதியவரும் அவரே, தமிழிலும். நூறு வருடம் கழித்து வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் இதுதான். 12.5 பாகையில் இருந்தால் தெற்கு வானம் நிறையக் கிடைக்கும். 1986இல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கியின் துருவ அச்சு ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. படத்தைப் பார்த்ததும் எங்கள் முக்காலி ஞாபகம் வந்து சிரித்தோம்.

சரி, மலை மறைக்கிற துருவத்துக்கு எப்படித்தான் அச்சைக் குறிவைப்பது? முதலில் திசைகாட்டி. இங்கே அதன் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 2 பாகை மேற்கே காட்டும், அதைக் கழிக்கலாம். ஆனால் லயத்துத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் நின்றால் அது என்ன காட்டும் என்று அதுக்கே தெரியாது. அதனால் லயத்தைவிட்டு பிரட்டுக்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தோட்டத்திலேயே மட்டமான தரை அதுதான். அங்கேதான் டிரிஃப்ட் முறையைச் செய்து பார்த்தோம், 19ஆம் நூற்றாண்டுப் படப்பிடிப்பு வானியலாளர்களின் முறை. துருவத்தைப் பார்க்கவே வேண்டாம், நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்தால் போதும்.

இரவு ஒன்பது மணி சொச்சத்துக்கு ஓரியன் இடுப்புப் பட்டை உச்சியைக் கடக்கும். இங்கே அது கிட்டத்தட்ட தலைக்கு நேரே. குறுக்கு இழை உள்ள கண்வில்லையில் அந்தப் பட்டையின் மேற்கு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, காத்திருந்தோம். கழுத்து போய்விட்டது. நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அச்சு 1 பாகை தவறியிருந்தால் 5 நிமிடத்தில் நட்சத்திரம் நிலவின் அகலத்தில் 25இல் ஒரு பங்குதான் நகரும். இவ்வளவு சின்ன நழுவலைப் பிடிக்கத்தான் குறுக்கு இழை. அச்சின் உயரத்துக்கு இதே வேலையைக் கிழக்கே தாழ்வாக இருக்கிற ஒரு நட்சத்திரத்தில் செய்ய வேண்டும். நாங்கள் அல்ஃபார்டைப் பிடித்தோம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. திருகு, காத்திரு, திரும்பத் திருகு. பதினொன்றரைக்கு நட்சத்திரம் பத்து நிமிடம் இழையைவிட்டு அசையாமல் நின்றது. மேட்டுக்குப் பின்னால், நாங்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு புள்ளியை எங்கள் முக்காலி நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அகத்தியர் நட்சத்திரத்தைப் பார்த்தோம், ஆங்கிலத்தில் கனோபஸ். தெற்கே 30 பாகை உயரத்தில், வெள்ளை வெளேரென்று. டன்சினன் குன்றுக்காரர்கள் அதைத் தங்கள் ஊரில் நின்று பார்க்கவே முடியாது.

இவ்வளவு செய்த பிறகு அதைக் கலைக்க யாருக்கு மனசு வரும்? அதுக்குத்தான் கன்ட்ரோலரில் பார்க் என்று ஒன்று இருக்கிறது. பார்க் கொடுத்தால் மவுண்ட் குழாயைத் தன் ஓய்வு நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, தான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பதிந்துகொள்ளும். கரண்டை அணைக்கலாம். மறுநாள் ஆன் செய்து நேரத்தை மட்டும் சொன்னால், விட்ட இடத்திலிருந்து தொடரும். துருவச் சீரமைப்பும் நட்சத்திரச் சீரமைப்பும் மறுபடி வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: முக்காலியை ஒருத்தரும் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தியிருக்கக் கூடாது.

பிரட்டுக்களத்தில் காலை ஆறு மணிக்குச் சனம் வந்துவிடும். அதனால் அன்றைக்கு பார்க் கொடுத்தும் பிரயோசனமில்லை, கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தோம். அடுத்த இரவு லயத்து வாசலில் வைத்தோம். ஏழு குடும்பத்துக்கு ஒரே வாசல். துணிக்கொடி, விறகு, கோழி, ஆட்டுக்குட்டி, பிள்ளைகள். காலையில் எழும்பிப் பார்த்தால் முக்காலி இஸ்தோப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக நிற்கிறது. துணி காயப்போட இடைஞ்சல் என்று யாரோ கவனமாகத் தூக்கி வைத்திருந்தார்கள், ஒரு ஆணிகூட இளகவில்லை. யாரைக் கோபிக்கிறது? அவர்களுடைய வாசல்தானே.

வான்நோக்ககங்கள் இதுக்குத் தூண் கட்டுவார்கள். சென்னை வான்நோக்ககத்தை 1792இல் கட்டியபோது, கருவி அசையக்கூடாது என்று 15 அடி உயரத்தில் 10 டன் கருங்கல் தூண் நிறுத்தினார்கள். அதில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்து. பிரித்தானியரின் தாராளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டும் என்பது அதன் சாரம். (ரகுநாதாச்சாரி இதைத் தினமும் கடந்து வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தால் என்னமோ போல் இருக்கிறது.) தூண் இன்னும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. இந்தியாவை அளந்த நெட்டாங்குகள் அந்த வான்நோக்ககத்தைப் பிடித்துத்தான் எண்ணப்பட்டன.

நாங்களும் ஒரு தூண் யோசித்தோம். ஒரு குழாய்க்குள் கொங்கிறீட், இரண்டு மூட்டை சீமெந்து, அதிகம் போனால் மூணு. அம்மாயி கேட்டார், "சீமெந்து போட்டா தொரை கேக்க மாட்டாரா? இது யாரு தரை?" ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. லயத்துக்கு ஒரு இறக்கு இறக்கினாலும், ஒரு கக்கூஸ் கட்டினாலும் கேட்க வேண்டிய அனுமதி இருக்கிறது. டெலஸ்கோப்புக்குத் தூண் என்று எழுதிக் கொடுக்க எங்களுக்கே சிரிப்பு வந்தது.

அதனால் ஆற்றிலிருந்து மூணு தட்டைக் கல் கொண்டுவந்தோம். வாசல் ஓரத்தில், துணிக்கொடிக்கு அப்பால், முக்காலியின் மூணு கால் வருகிற இடத்தில் தரை மட்டத்துக்குப் புதைத்தோம். வடக்குக் கல் மட்டும் மற்றதைவிட 5 சென்டிமீட்டர் பள்ளத்தில், காலைக் குட்டையாக்கிய வேலையை இனி அது பார்க்கும். ஒவ்வொன்றிலும் உளியால் ஒரு சின்னக் குழி, கால் நுனி உட்கார. இனி முக்காலியைக் காலையில் எடுத்து, இரவில் அதே குழியில் வைக்கலாம். பார்க் முழுசாக வேலை செய்யாது, ஒவ்வொரு தடவையும் கால் பாகை, அரைப் பாகை தவறும். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துத் திருத்தினால் சரியாகிவிடுகிறது. நாலாவது இரவில் ஆன் செய்து அகத்தியருக்குப் போ என்றோம். கண்வில்லையின் விளிம்பில் வந்து நின்றது.

லீவு முடிந்து மவுண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கல்லுகள் அங்கேயே இருக்கின்றன. போன கிழமை போன் எடுத்தபோது, வடக்குக் கல்லில் மழைத் தண்ணி தேங்குகிறது, கோழி குடிக்குது, எடுக்கவா என்று அம்மாயி கேட்டார். இருக்கட்டும் என்றோம்.